நான் அடித்துவிட்ட ஏழாம் எண்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், வைரஸ் பிரிவில், இருபது வருடத்துக்கு மேல் டெக்னீஷியனாக இருந்தேன். மேசையில் ஒரு சொட்டு சிந்திக் கிடந்தால் யார் சிந்தியது என்று கண்டுபிடித்து, அந்த ஆள் அழும்வரை விடமாட்டேன். புதிதாகச் சேரும் பெண்கள் என் காலடிச் சத்தம் கேட்டாலே கையுறையை மாற்றிக்கொள்வார்கள். "சுத்தமா வேலை செய்யணும்னா இவங்களப் பாத்துக் கத்துக்குங்க" என்று எங்கள் பிரிவுத் தலைவி எல்லோரிடமும் சொல்வார். அவரை நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொள்ள நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

எனக்கு ஒரே தம்பி. என்னைவிட ஆறு வயது சின்னவன். எங்கள் ஊர் மாதனூருக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. நான் வேலைக்காக வேலூர் வந்து சத்துவாச்சாரியில் வீடு எடுத்துத் தங்கிவிட்டேன். கல்யாணம் அமையவில்லை. அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. அவன் ஊரிலேயே இருந்து, கல்யாணம் செய்து, ஒரு பெண் குழந்தையும் பெற்றான். முதலில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலை பார்த்தான், பிறகு ஷூ கம்பெனிக்கு மாறினான். வெட்டி வரும் தோல் துண்டுகளை நிறம் பார்த்து, ரேகை பார்த்து, இடது காலுக்கும் வலது காலுக்கும் ஜோடி சேர்ப்பது அவன் வேலை. காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், பொழுது சாய்ந்ததும் கொண்டுவந்து இறக்கிவிடும்.

டேனரியில் இருந்தபோது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சைக்கிளில் வந்தவனை ஹைவேயில் ஒரு லாரி தட்டிவிட்டது. தொடை எலும்பு முறிந்து ஏகப்பட்ட ரத்தம் போய்விட்டது. கூட வேலை செய்த தோஸ்துகள் மூன்று பேர் ஓடிவந்து ரத்தம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் எங்கள் பக்கத்துக்கு வந்திருக்கவில்லை. அது போதாதென்று ஊசிப் பைத்தியம் வேறு. உடம்பு வலி என்றால் ஊசி, சளி என்றால் ஊசி, சம்பள வாரத்தில் சும்மாவே ஒரு சத்து ஊசி. மாத்திரை எழுதிக் கொடுக்கிற டாக்டரை எங்கள் பக்கத்தில் யாரும் டாக்டர் என்றே மதிக்க மாட்டார்கள். கம்பவுண்டராக இருந்து டாக்டர் ஆன ஒருவர், ஒரே ஊசியை வெந்நீரில் முக்கி முக்கி வரிசையாக நின்ற எல்லோருக்கும் குத்துவார். அந்த வரிசையில் என் தம்பியும் நின்றான். நானும் சின்ன வயதில் நின்றிருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள் அவன் கம்பெனியில் ரத்த தானம் நடந்தது. அவன் முதல் ஆளாகப் போய்ப் படுத்திருக்கிறான். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"இன்னாக்கா இது, நேர்ல வந்து பாருன்னு போட்ருக்காங்க? எனக்கு மூணு பேர் ரத்தம் குடுத்தாங்க, நா ஒருத்தருக்காவது குடுக்கலாம்னு போனேன். இதுல ஏதோ பேஜார் ஆய்டுச்சு."

நான் படித்துப் பார்த்தேன். கீழே ஆங்கிலத்தில் ஹெபடைடிஸ் சி என்று இருந்தது. தினமும் நான் கையாளுகிற வைரஸ், என் தம்பி உடம்பில்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். கல்லீரல் பாதி கெட்டுவிட்டது. வைரஸை விரட்டினால் மீதி பாதியை வைத்துக்கொண்டு அவன் மகளுக்குக் கல்யாணம் செய்து பார்க்கலாம். விரட்டாவிட்டால் சில வருடங்கள்தான். விரட்ட ஊசி இருக்கிறது. வாரம் ஒன்று. மூன்றாம் வகை வைரஸ் என்றால் இருபத்துநாலு வாரம் போதும். முதல் வகை என்றால் நாற்பத்தெட்டு வாரம் போட வேண்டும், அதுவும் பிடிவாதமான வகை. சாதாரணப் பரிசோதனையில் அவனுக்கு மூன்றாம் வகை என்று வந்தது. "பொழச்சான்" என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

அப்போது எங்கள் பிரிவில் ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஒரே நோயாளியின் உடம்புக்குள் இந்த வைரஸ் எத்தனை விதமாக இருக்கிறது என்று பார்ப்பது. இது தன்னைத் தானே பிரதி எடுத்துப் பெருகும் வைரஸ். பிரதி எடுக்கும்போது தப்பும் தவறுமாக எடுக்கும், திருத்த ஆள் கிடையாது. அதனால் ஒருவர் உடம்பில் இருப்பது ஒரே வைரஸ் இல்லை. கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட பெரும் கூட்டம். சில பேருக்கு, வேறு வேறு இடத்திலிருந்து தொற்றியதால், இரண்டு வகையே சேர்ந்து குடியிருக்கும். சாதாரணப் பரிசோதனையில் கூட்டத்தில் எது ஜாஸ்தியோ அது மட்டும்தான் தெரியும். கம்மியாக இருப்பது மறைந்து நிற்கும்.

மறைந்து நிற்பதைப் பார்க்க நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். ரத்தத்திலிருந்து வைரஸின் மரபணுத் துண்டுகளை எடுத்து, பாக்டீரியாவுக்குள் ஒன்றொன்றாக நுழைத்து, தட்டில் பரப்பி வைப்போம். மறுநாள் தட்டில் வெள்ளைப் புள்ளிகள் முளைத்திருக்கும். ஒரு புள்ளிக்கு ஒரு வைரஸின் துண்டு. பத்துப் புள்ளிகளைக் குச்சியால் தொட்டு எடுத்து, எண் போட்டு, ஒவ்வொன்றின் மரபணு எழுத்து வரிசையையும் மெஷினில் படிக்க வேண்டும்.

தம்பியும் இந்த ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்கச் சம்மதித்தான். நான் விளக்கியபோது அவன் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

"இதுல இன்னா அதிசயம்? ஒரு ஆட்டுத் தோல எடுத்துக்கோ. முதுகுப் பக்கம் ஒரு மாதிரி இருக்கும், வயித்துப் பக்கம் ஒரு மாதிரி இருக்கும், கழுத்துல சுருக்கமா இருக்கும். ஆடு ஒண்ணுதானே? இதப் பாத்துப் பாத்துத்தான் நா ஜோடி சேக்குறேன்."

"ஜோடி சேராதத இன்னாடா பண்ணுவே? குப்பையில போட்ருவியா?"

"சேச்சே. ஓரமா வச்சிருப்பேன். சாயங்காலத்துக்குள்ள எந்தக் கட்டுலயாவது அதுக்கு ஜோடி வந்துரும்."

"ஆமாடா, பெரிய சயின்டிஸ்ட்டு" என்று தலையில் குட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அவன் ரத்தத்தை வேறு யாரும் தொடக்கூடாது, நானேதான் செய்வேன் என்று மேடத்திடம் கேட்டு வாங்கினேன். அதே வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் தட்டில் வேறு நோயாளியின் வைரஸ் கலந்துவிட்டது. எங்கள் வேலையில் இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. நான் எல்லோர் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "இது லேபா, மார்க்கெட்டா? கையா இது?" என்று கேட்டேன். அவள் பாத்ரூமில் போய் அழுதாள். எனக்கு அப்போது இரக்கமே வரவில்லை.

நாலு நாள் கழித்துத் தம்பியின் பத்து எண்களும் மெஷினிலிருந்து வந்தன. ஒன்பது மூன்றாம் வகை. அங்கங்கே இரண்டு மூன்று எழுத்து மாறியிருந்தது, அவ்வளவுதான். ஏழாம் எண் மட்டும் முதல் வகை.

தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் என் மனம் போன வழியைப் பாருங்கள். தம்பி உடம்பில் இரண்டாவது வகை இருக்கிறதா என்று யோசிக்கவில்லை. என் மேசையில் கலப்பா என்றுதான் யோசித்தேன். தம்பியின் ரத்தத்தை எடுத்துச் செய்த அன்று காலையில் அதே மேசையில் முதல் வகை நோயாளி ஒருவரின் ரத்தத்தை நான் செய்திருந்தேன். அதிலிருந்துதான் தெறித்திருக்கிறது, வேறெப்படி வரும் என்று முடிவு கட்டிவிட்டேன். கலப்பு என்று சந்தேகம் வந்தால் நோட்டில் எழுதி, மேடத்திடம் சொல்லி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதுதான் முறை. செய்தால் அந்தப் பெண் உட்பட எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் பேனாவை எடுத்து ஏழாம் எண்ணின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு, "வளரவில்லை" என்று எழுதினேன். பதினோராவதாக ஒரு புள்ளியைத் தொட்டு எடுத்தேன். அது மூன்றாம் வகை. பத்துக்குப் பத்து சரியாகிவிட்டது.

மேடம் கேட்டார். "தம்பிது வந்துடுச்சா? எல்லாம் ஒரே டைப்தானே?"

"ஆமா மேடம். ஒரே டைப்."

ஈஸ்டர் முடிந்த வாரம் ஊசி தொடங்குவதாக ஏற்பாடு, மறுபடி செய்ய இரண்டு வாரம் ஆகும், அவசரத்தில் விட்டுவிட்டேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். இரண்டு வாரத்தில் ஒன்றும் குடி முழுகியிருக்காது. நான் அந்தப் பெண்ணுக்கு முன்னால் தலை குனிய விரும்பவில்லை. அவ்வளவுதான் காரணம்.

ஊசி மருந்தை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். அவன் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. அதனால் சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறி என் வீட்டுக்கு வருவான். வயிற்றில் நானே ஊசி போடுவேன். ஞாயிறு முழுக்கக் காய்ச்சலில் போர்வைக்குள் நடுங்கிக் கிடப்பான். திங்கள் காலை இங்கிருந்தே ஆம்பூர் பஸ் பிடித்து வேலைக்குப் போவான். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. சோறு கசந்தது. யார் மனதும் நோகப் பேசாதவன், உப்புக் கம்மி என்று தட்டைத் தூக்கி எறிந்தான். பிறகு அதே தட்டைப் பொறுக்கிக் கழுவி வைத்துவிட்டு அழுதான். ஊசி மனதையும் கெடுக்கும் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். சில ஞாயிறுகளில் அவன் மனைவியும் மகளும் வந்து கூட இருப்பார்கள். குழந்தைக்கு அப்போது ஆறு வயது. அப்பாவின் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம், "அத்தை, அப்பாவுக்கு ஊசி போடாதீங்க" என்பாள்.

ஒரே ஒரு சனிக்கிழமை ஏற்றுமதி அவசரம் என்று கம்பெனியில் ஓவர்டைம் போட்டார்கள். அந்த வாரம் ஊசி ஒரு நாள் தள்ளி ஞாயிற்றுக்கிழமை போட்டோம். அதனால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரே சொன்னார். இருபத்துநாலு ஊசியும் முடிந்தது. பரிசோதித்தபோது ரத்தத்தில் வைரஸ் இல்லை.

அந்த மாதம் எல்லோரும் அமிர்திக்குப் போனோம். அருவியில் தண்ணீர் கம்மிதான், நூல் மாதிரி விழுந்தது. அதன் கீழே அவன் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். தலையில் புதிதாகப் பூனை முடி முளைத்திருந்தது. நான் ஏழாம் எண்ணைச் சுத்தமாக மறந்து போயிருந்தேன். மறந்தேன் என்றா சொன்னேன்? நினைத்தேன், ஆனால் "பாத்தியா, கலப்புதான்" என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து மறு பரிசோதனை. வைரஸ் திரும்ப வந்திருந்தது. இந்த முறை சாதாரணப் பரிசோதனையிலேயே முதல் வகை என்று வந்தது. மூன்றாம் வகை இருந்த இடமே தெரியவில்லை.

மேடம் குழம்பினார். "புதுசா எங்கயாவது ஊசி போட்டுக்கிட்டாரா? கேட்டுப் பாருங்க." நான் கேட்கவில்லை. எல்லோரும் சாப்பிடப் போனபோது கம்ப்யூட்டரைத் திறந்தேன். நோட்டில்தான் அடித்திருந்தேன், மெஷின் படித்த எழுத்துகள் உள்ளே அப்படியே இருந்தன. பழைய ஏழாம் எண்ணையும் புதிய வைரஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நாலு எழுத்துதான் வித்தியாசம். இடைப்பட்ட காலத்தில் மாறியிருக்கக்கூடிய நாலு எழுத்து. அடுத்து, அன்று காலை அதே மேசையில் நான் செய்த அந்த நோயாளியின் வரிசையை எடுத்து ஏழாம் எண்ணோடு வைத்தேன். எண்ண எண்ண வித்தியாசம் வந்துகொண்டே இருந்தது. அவரிடமிருந்து தெறித்தது இல்லை. கலப்பே இல்லை. என் தம்பியின் உடம்பில் முதலிலிருந்தே இரண்டு வகை இருந்திருக்கிறது. பெரிய கூட்டத்தை ஊசி விரட்டியதும், ஓரமாக இருந்தது இடத்தைப் பிடித்துக்கொண்டது. இந்த ஒப்பீட்டை அன்றைக்கே செய்திருக்கலாம். பத்து நிமிட வேலை. செய்திருந்தால் நாற்பத்தெட்டு வாரம் ஊசி போட்டிருப்பார்கள்.

மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நோட்டை வாங்கி நான் போட்ட கோட்டைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இப்ப மறுபடி கோர்ஸ் ஆரம்பிக்க முடியுமான்னு டாக்டரக் கேப்போம்" என்றார். முடியவில்லை. அதற்குள் கல்லீரல் இன்னும் கெட்டு, ரத்தத் தட்டணுக்கள் இறங்கி, வயிற்றில் நீர் கட்டத் தொடங்கியிருந்தது. இந்த நிலையில் ஊசி போட்டால் ஊசியே கொன்றுவிடும் என்றார் டாக்டர்.

தம்பி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தான். நான் ஞாயிறுதோறும் போனேன். அவன் மனைவிக்கு அந்த ஓவர்டைம்தான் மனதில் நின்றுவிட்டது. "ஒரு நாள் லீவு கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டானா அந்த சூப்பர்வைசர்? அன்னிக்கு ஊசி தப்புனதாலதான் அண்ணி எல்லாம்" என்று நான் போகும்போதெல்லாம் அழுவாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். அவனும் அதை நம்பினான்.

ஒரு ஞாயிறு அவள் மகளைக் கூட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போயிருந்தாள். அவன் என்னிடம் கேட்டான். "உண்மையச் சொல்லுக்கா. அந்த ஒரு நாளு தள்ளுனதாலயா?"

"இல்லடா."

"சும்மா சொல்லாத."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஏழாம் எண்ணைப் பற்றி, கோடு போட்டதைப் பற்றி, மேடத்திடம் பொய் சொன்னதைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வீங்கிய வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டான்.

"அன்னிக்கே பாத்துட்ட."

"பாத்தேன்."

"அந்தப் பொண்ணு சிரிக்கும்னு அடிச்சிட்ட."

"ஆமா."

அவன் எழுந்து உட்கார முயன்றான். பிடிக்கப் போனேன். "தொடாத" என்றான். தானே தட்டுத்தடுமாறி உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. பிறகு மெதுவாகச் சொன்னான்.

"இத அவகிட்ட சொல்லாத. பாப்பா உன் வீட்ல தங்கித்தான் படிக்கணும். இங்க இருந்தா இவளும் அதே பஸ்ல ஏறிக் கம்பெனிக்குத்தான் போவா. அவளுக்குத் தெரிஞ்சா புள்ளய உன்கிட்ட அனுப்பவே மாட்டா."

"அவ உன்னியத் திட்டிக்கிட்டே இருக்காளேடா."

"திட்டட்டும்."

நான் அழுதுவிட்டேன். "மன்னிச்சிருடா."

"நா மன்னிக்கலக்கா" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "சொல்லாதன்னு மட்டும்தான் சொல்றேன். ரெண்டும் வேற."

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் இருந்தான். நான் போனால் பேசுவான். மகளின் மார்க், தெருக் குழாயில் தண்ணீர் வராதது, கம்பெனியில் யார் வேலையை விட்டார்கள் என்பது, எல்லாம் பேசுவான். அதை மட்டும் பேசவில்லை. எத்தனையோ ஞாயிறு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இன்றைக்காவது சொல்வானா என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவன் சொல்லவில்லை. மன்னிக்காமலே போய்ச் சேர்ந்தான்.

மகள் என் வீட்டில் தங்கிப் படித்தாள். படித்து முடித்து வேலைக்குப் போய், சொந்தக் காலில் நின்ற பிறகு, அவளையும் அவள் அம்மாவையும் உட்கார வைத்து நானே சொன்னேன். அவன் மனைவி அன்றோடு என் வீட்டு வாசல்படி மிதிப்பதை விட்டுவிட்டாள். மகள் எப்போதாவது போன் செய்கிறாள். இதை எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க அத்தை, பேர் மட்டும் போடாதீங்க" என்றாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அடக்கத்தன்று ஊரே வந்திருந்தது. கம்பெனியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். ரத்தம் கொடுத்த தோஸ்துகளில் இரண்டு பேர் வந்தார்கள். பெட்டியை மூடும் முன்னால் அவன் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு, சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கதறினாள். "அந்த ஒரு ஊசியத் தவறவுட்டு இந்த மனுசன்தான் தன்னியே கெடுத்துக்கிச்சு. அண்ணி கையாலதான் எல்லா ஊசியும் போட்டாங்க. அவங்க மட்டும் அந்த லேபுல இல்லன்னா இவரு எப்பவோ போயிருப்பாரு. கூடப் பொறந்தா இப்டிப் பொறக்கணும்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் என் தலையில் கையை வைத்து ஆசீர்வாதம் செய்தார். பெட்டிக்குள் என் தம்பி கிடந்தான். நான் அவன் கேட்டுக்கொண்டபடி வாயைத் திறக்காமல், அவள் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.